பச்சை பூத்த போர்டு பிழைக்குமா?

பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டுகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பரணில் கிடந்த 386 கம்ப்யூட்டரைத் திறந்தேன். கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் சின்னப் பீப்பாய் மாதிரி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. ஸ்விட்ச் போட்டுப் பார்க்கலாமா? – வாசகர், திருச்சி

பதில்: போடாதீர்கள். அந்தப் பீப்பாய் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. கடிகாரமும் செட்டிங்குகளும் மறந்துபோகாமல் காப்பதுதான் அதன் வேலை. 286 காலத்திலிருந்து 486 வரை (286, 386, 486 எல்லாம் அடுத்தடுத்து வந்த பிராசஸர் தலைமுறைகள்) பெரும்பாலான போர்டுகளில் இதுதான் இருந்தது. உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வருடங்கள் போனதும் கசிகிறது. பலர் இதை 'ஆசிட்' என்கிறார்கள். அது காரம். ஆசிட் என்று நினைத்துச் சோடா மாவு போட்டுத் தேய்த்தால் ஒரு பயனும் இல்லை.

கசிவு பேட்டரிக்கு அடியில் மட்டும் நிற்பதில்லை. போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் புகுந்து, தாமிரக் கோடுகளை ஒட்டியே ஊர்ந்து போகும். ஈரமாக இருக்கும்போது மின்சாரம் கொடுத்தால் அரிப்பு வேகமாகும். பக்கத்துப் பின்களுக்கு நடுவே கசிவு மின்சாரமும் ஓடும்.

முதல் வேலையாகப் பேட்டரியின் இரண்டு கால்களையும் கட்டரால் நறுக்கி எடுத்துவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். காட்மியம் நஞ்சு, குப்பையில் வீசாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். சாக்கெட்டில் இருக்கும் சில்லுகள், ரேம், கார்டுகள் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கழற்றும் முன்பு ஜம்பர்கள் (செட்டிங் மாற்றப் பின்களில் மாட்டும் குட்டி இணைப்பிகள்) எப்படி இருந்தன என்று நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பெயர் தெரியாத தைவான் போர்டுக்குக் கையேடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

பிறகு மளிகைக்கடை வெள்ளை வினிகரை (5 சதவீத அசிட்டிக் அமிலம்) பழைய பல்துலக்கியால் பூத்த இடத்தில் தடவுங்கள். நுரைத்தால் காரம் இன்னும் இருக்கிறது. நுரை நிற்கும்வரை தடவித் துடைத்து, புதிதாகத் தடவுங்கள். பிடிவாதமான இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறலாம். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் வினிகரே தாமிரத்தைத் தின்னும். அதன்பின் டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலசி, கடைசியாக 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றித் துலக்கினால் தண்ணீர் வெளியேறும். இரண்டு நாள் காற்றாட வைத்தால் போதும்.

கேள்வி: நீங்கள் சொல்கிற மாதிரிதான் சுத்தம் செய்தேன். போர்டு பளிச்சென்று இருக்கிறது. ஆனால் பீப் கூட வரவில்லை. – வாசகர், மதுரை

பதில்: பளிச்சென்று இருப்பது வேறு, கோடு அறுபடாமல் இருப்பது வேறு. பார்வைக்கு முழுசாகத் தெரியும் கோடு, பூச்சுக்கு அடியில் முடியளவு இடைவெளியில் அறுந்திருக்கும். பெரிய பூதக்கண்ணாடியும் பீப் சத்தம் போடும் மல்டிமீட்டரும்தான் இனி ஆயுதம்.

பேட்டரியைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் கறுத்த கோடுகள், மங்கிச் சாம்பல் நிறமான பற்றவைப்புகள், பச்சை விளிம்பு கட்டிய துளைகள் எல்லாவற்றையும் குறியுங்கள். கறுத்த இடத்தில் 1000 எண் உப்புத்தாளை விரல்நுனி அளவு கிழித்து, பூச்சை மெதுவாகச் சுரண்டுங்கள். கீழே ரோஜா நிறத் தாமிரம் தெரிந்தால் கோடு பிழைத்தது. கறுப்புப் பொடியாக உதிர்ந்தால் போனது.

சர்க்யூட் படம் இல்லையே என்று கவலை வேண்டாம். ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகள் (விரிவாக்கக் கார்டுகளைச் சொருகும் நீளமான இடங்கள்) எல்லாம் பக்கவாட்டில் ஒன்றோடொன்று இணைந்தவை. ஸ்லாட்டின் ஒரு பக்கப் பின்கள் ஏ, மறுபக்கம் பி. முதல் ஸ்லாட்டின் ஏ2 பின்னுக்கும் கடைசி ஸ்லாட்டின் ஏ2 பின்னுக்கும் மீட்டர் பீப் அடிக்க வேண்டும். ஏ2 முதல் ஏ9 வரை எட்டு டேட்டா கோடுகள். ஏ12 முதல் ஏ31 வரை இருபது முகவரிக் கோடுகள். 31 பின்னையும் இரு பக்கமும் பார்க்க அரைமணி நேரம் ஆகும். இதில் ஒரு கோடு அறுந்திருந்தாலே போர்டு ஊமையாகலாம். பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் புரோகிராம்) சில்லு ஒன்றே ஒன்றாக இருந்தால் அதன் 10ஆம் பின் (ஏ0) ஸ்லாட்டின் ஏ31இல் சேரும். அங்கிருந்து பிடித்துக்கொண்டு மற்ற முகவரிகளையும் சரிபார்க்கலாம்.

அடுத்து பேட்டரிக்குப் பக்கத்திலேயே 40 கால் கீபோர்டு கன்ட்ரோலர், 8042 குடும்பம். அதன் 40ஆம் காலில் 5 வோல்ட், 20ஆம் காலில் எர்த். 21ஆம் கால் பிராசஸரை ரீசெட் செய்யும் கோடு. 22ஆம் கால் கேட் ஏ20, அதாவது 1 எம்பிக்கு மேற்பட்ட ரேமுக்கு வழி திறக்கும் கோடு. 'கீபோர்டுதானே வேலை செய்யவில்லை' என்று இந்தச் சில்லை அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். 21ஆம் கோடு அரித்துத் தாறுமாறானால் போர்டு முழுவதுமே ரீசெட்டில் மாட்டிக்கொள்ளும். சாக்கெட்டின் உள்ளே பித்தளை பச்சையாக இருந்தால் சாக்கெட்டையே மாற்றிவிடுங்கள். சுரண்டி வைத்த சாக்கெட் ஆறு மாதத்தில் மறுபடி தகராறு செய்யும்.

அறுந்த கோட்டுக்கு 30 கேஜ் வயர்ராப் கம்பி போதும். பிளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) தாராளமாக வைத்து, 63/37 ஈயச் சால்டரால் இரு முனையிலும் பற்றவைக்கவும். முனை அரித்த இடத்தில் சால்டர் ஒட்டாது, உருண்டு ஓடும். அந்த இடத்தை மறுபடி சுரண்டித் தாமிரம் வரவழைத்தால்தான் ஒட்டும். துளை செத்திருந்தால் கம்பி இழை ஒன்றை இரு பக்கமும் நீட்டிச் சொருகிப் பற்றவையுங்கள். வேலை முடிந்ததும் திறந்த தாமிரத்துக்கு மேல் சால்டர் மாஸ்க் பூசவும். நிறமில்லாத நகப்பூச்சும் போதும்.

கேள்வி: பேட்டரி இருந்த இடத்தில் சிஆர்2032 பொத்தான் செல் பொருத்திவிடலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: அப்படியே பொருத்தினால் ஆபத்து. பழைய பேட்டரி ரீசார்ஜ் ஆகும் வகை என்பதால், ஓடும்போது போர்டு அதற்கு ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் ஏற்றிக்கொண்டே இருக்கும். லித்தியம் பொத்தான் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. உப்பும், கசியும், வெடிக்கவும் செய்யும். செல்லின் ப்ளஸ் பக்கம் ஒரு ஷாட்கி டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம், பிஏடி85 போல) தொடராக வையுங்கள். கோடு போட்ட முனை போர்டைப் பார்க்க வேண்டும். சாதாரண 1என்4148 வைத்தாலும் ஓடும், சற்று அதிக வோல்ட் இழக்கும், அவ்வளவுதான்.

கடிகாரம் 10 மைக்ரோஆம்பியர் இழுத்தால் 225 மில்லிஆம்பியர்-மணி செல் இரண்டரை வருடம் வரும். சில போர்டுகள் 3 வோல்ட்டைப் பார்த்து 'பேட்டரி குறைவு' என்று முரண்டு பிடிக்கும். அவற்றுக்கு மூன்று ஏஏ செல் போட்ட டப்பாவை, அதே டையோடோடு, கேஸின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். 4 பின் கொண்ட 'வெளிப் பேட்டரி' ஹெட்டர் இருந்தால் பெரும்பாலும் 1ஆம் பின் ப்ளஸ், 2ஆம் பின் காலி, 3, 4 எர்த். பக்கத்தில் ஒரு ஜம்பரையும் இடம் மாற்ற வேண்டியிருக்கலாம். எதைப் போட்டாலும் போர்டுக்கு மேலே வைக்காதீர்கள், கம்பி விட்டுத் தள்ளி வையுங்கள். அடுத்த கசிவு போர்டைத் தொடாது.

கேள்வி: போஸ்ட் கார்டு (தொடக்கச் சோதனை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எண்ணில் காட்டும் கார்டு) சொருகினேன். '00' அல்லது 'எஃப்எஃப்' மட்டும் காட்டுகிறது. பிராசஸர் போய்விட்டதா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிராசஸர் சாவது அபூர்வம். அந்த எண்கள் சொல்வது, பயாஸ் ஒரு வரி கூட ஓடவில்லை என்பதுதான். ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் 'பி' பக்கத்தில் மீட்டரை வைத்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். பி3இல் 5 வோல்ட் (4.75 முதல் 5.25 வரை சரி), பி9இல் 12, பி7இல் மைனஸ் 12, பி5இல் மைனஸ் 5. பி2 ரீசெட் கோடு; ஆன் செய்த ஒரு விநாடிக்குள் பூஜ்ஜியத்துக்கு இறங்கியாக வேண்டும். 5 வோல்ட்டிலேயே நின்றால் போர்டு ரீசெட்டில் தொங்குகிறது. அப்போது பவர்சப்ளையின் ஆரஞ்சு 'பவர் குட்' கம்பியில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பி30இல் 14.318 மெகாஹெர்ட்ஸ் கடிகார அலை. மீட்டரில் அது நடுவாந்தர வோல்ட்டாகத் தெரியும். சுத்தமாக 0 அல்லது 5 என்றால் கிரிஸ்டல் பக்கம் தேடுங்கள்.

ஸ்பீக்கரையும் மாட்டிவிட்டுக் காது கொடுங்கள். ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸில் மூன்று பீப் என்றால் முதல் 64 கேபி ரேம், ஆறு என்றால் கேட் ஏ20 (மறுபடி அந்த 8042தான்), எட்டு என்றால் டிஸ்ப்ளே கார்டு. ரேம் 30 பின் வகையாக இருந்தால் 386எஸ்எக்ஸுக்கு இரண்டு இரண்டாகவும், 386டிஎக்ஸ், 486க்கு நான்கு நான்காகவும் போட வேண்டும். ஒன்றைப் போட்டுச் சோதிக்க முடியாது.

ஏடி (இந்தக் காலத்துப் போர்டுகளின் வகை) பவர்சப்ளையின் இரண்டு கொக்கிகளையும் மாட்டும்போது கறுப்புக் கம்பிகள் நடுவில் சேர வேண்டும். மாற்றி மாட்டினால் மேலே சொன்ன சோதனை எதுவும் தேவைப்படாது. போர்டு போய்விடும்.

கேள்வி: 1981இல் வந்த ஐபிஎம் பிசி 5150 ஒன்று கிடைத்தது. ஸ்விட்ச் போட்டால் ஃபேன் ஒரு துடி துடித்து நின்றுவிடுகிறது. பவர்சப்ளையை மாற்றினால் சரியாகிவிடுமா? – வாசகர், புதுச்சேரி

பதில்: மாற்ற அவசரப்படாதீர்கள். 63.5 வாட் கொண்ட அந்தப் பவர்சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். 5150இல் பேட்டரி கிடையாது, ஆகவே கசிவும் கிடையாது. அங்கே வில்லன் டாண்டலம் கண்டென்சர் (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் பாகம்). எலக்ட்ரோலிட்டிக் வகை மெதுவாகக் காய்ந்து சாகும். டாண்டலம் ஒரே நாளில் ஷார்ட் ஆகும்.

பவர்சப்ளையைப் போர்டிலிருந்து கழற்றுங்கள். போர்டின் பவர் கொக்கியில் ஒவ்வொரு வோல்ட் கோட்டுக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் பாருங்கள். 12 வோல்ட் கோட்டில் ஒரு ஓம், இரண்டு ஓம் காட்டினால் ஷார்ட் அங்கேதான். முதலில் விரிவாக்கக் கார்டுகளை எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஷார்ட் கார்டிலும் இருக்கலாம். ஃப்ளாப்பி டிரைவையும் சந்தேகிக்க வேண்டும்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. அந்தக் கோட்டிலுள்ள டாண்டலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளப்பது பொறுமையான வழி. லேப் பவர்சப்ளை இருந்தால் 1 வோல்ட், 1 ஆம்பியர் என்று கட்டுப்படுத்தி அந்தக் கோட்டில் செலுத்தலாம். சூடாவது எதுவோ அதுதான். முழு 12 வோல்ட்டைத் தள்ளி 'எரிகிறதைப் பார்ப்போம்' என்பவர்களும் உண்டு. டாண்டலம் வெடித்தால் நெருப்புப்பொறி முகத்துக்கு வரும். அந்த வித்தை வேண்டாம்.

ஐபிஎம் போட்ட டாண்டலங்களுக்கு மூன்று கால். நடுக்கால் ப்ளஸ், இரு ஓரமும் மைனஸ். எப்படித் திருப்பி வைத்தாலும் தப்பாகாமல் இருக்க அந்த ஏற்பாடு. நீங்கள் வாங்குவது இரண்டு கால் வகை, ஆகவே திசை பார்த்து வைக்க வேண்டும். மைனஸ் 12 கோட்டில் ப்ளஸ் கால் எர்த்தில் உட்காரும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 12 வோல்ட் கோட்டில் இருந்தவை 10 மைக்ரோபாரட், 16 வோல்ட். புதிதாக 25 வோல்ட் வகை போடுங்கள். 12 வோல்ட் கோட்டுக்கு 16 வோல்ட் டாண்டலம் மிகவும் நெருக்கமான கணக்கு. ஷார்ட் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்று கவனம். இந்தப் பவர்சப்ளையைத் தனியாகச் சோதிக்கும்போது சுமை இல்லாமல் ஓடாது. 5 வோல்ட் கோட்டில் 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வைத்தால் 1 ஆம்பியர் இழுக்கும். பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றையும் சேர்த்து மாட்டலாம். திரை வந்தபின் 201 என்று தெரிந்தால் ரேம், 301 என்றால் கீபோர்டு, 601 என்றால் ஃப்ளாப்பி.

கேள்வி: என் 486 போர்டில் பேட்டரியே தெரியவில்லை. 'டாலஸ்' என்று எழுதிய கறுப்புக் கட்டி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஹார்டு டிஸ்க் விவரத்தை மறந்துவிடுகிறது. – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பேட்டரி அந்தக் கட்டிக்குள்தான் இருக்கிறது. டிஎஸ்1287, டிஎஸ்12887 இரண்டும் கடிகாரச் சில்லு, கிரிஸ்டல், லித்தியம் செல் மூன்றையும் ரெசினில் புதைத்த பொட்டலம். ஆயுள் பத்து வருடம் என்று கணக்கிட்டுச் செய்தவை. கசிந்து போர்டைக் கெடுக்காத புண்ணியத்துக்கு அதைப் பாராட்டலாம்.

புதிது என்று இணையத்தில் விற்பவற்றில் பழையதைத் தேய்த்து மறுபெயர் அடித்தவை நிறைய. அதைவிடக் கையில் இருப்பதையே அறுப்பது மேல். போர்டிலிருந்து கழற்றி, புள்ளி வைத்த மூலையை 1ஆம் பின்னாக வைத்து எண்ணுங்கள். எதிர்ப்பக்கத்தில் 16, 20 ஆகிய இரண்டு பின்களும் கீழே நீளாமல் மேல்நோக்கி மடங்கி ரெசினுக்குள் செல்லும். 16 மைனஸ், 20 ப்ளஸ். அந்த இரு இடத்திலும் பக்கவாட்டில் அரத்தால் தேயுங்கள். உலோகம் மின்னியதும் நிறுத்துங்கள். 20ஆம் காலை நடுவில் வெட்டி உள்செல்லைத் துண்டிப்பது கட்டாயம். செத்த செல் தொடர்பில் இருந்தால் புதுச் செல்லையும் சேர்த்து உறிஞ்சிவிடும். வெட்டின இடத்துக்குக் கீழே, சில்லை ஒட்டிய பாதியில், சிஆர்2032 கூட்டின் கம்பிகளைப் பற்றவையுங்கள். இங்கே டையோடு தேவையில்லை, இந்தச் சில்லு செல்லுக்குச் சார்ஜ் ஏற்றாது. ரெசின் தூசி மூக்கில் போகாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். திருப்பி வைக்கும்போது 24 பின் சாக்கெட் போட்டு வைத்தால் அடுத்த தடவை அயர்ன் எடுக்க வேண்டாம்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சிஎஃப் கார்டு (காம்பாக்ட் ஃப்ளாஷ் மெமரி கார்டு) போடுகிறவர்கள் பயாஸ் செட்டிங்கில், அளவை நாமே கொடுக்கும் 47ஆம் வகையில் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்று கொடுக்கவும். அதற்கு மேல் அந்தக் கால பயாஸ் எண்ணாது. கிடைப்பது 504 எம்பி. டாஸுக்கு அது அரண்மனை.

கேள்வி: பென்டியம் 3 போர்டு. நாலு தடவை ஆன் செய்தால் ஒரு தடவை ஓடுகிறது. பிராசஸர் பக்கத்துக் கண்டென்சர்களின் தலை உப்பியிருக்கிறது. கடையில் அதே மைக்ரோபாரட் வாங்கிப் போட்டேன், மூன்று மாதத்தில் மறுபடி உப்பிவிட்டது. – வாசகர், சேலம்

பதில்: மைக்ரோபாரட் மட்டும் பார்த்தது போதாது. பிராசஸர் பக்கத்தில் மின்சாரம் விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்குகிறது. சாதாரண கண்டென்சரின் உள்தடை, அதாவது இஎஸ்ஆர், அதிகம். அந்தத் தடையில் சூடாகி உப்புகிறது. 1999 முதல் 2007 வரை வந்த பல போர்டுகளில் மோசமான எலக்ட்ரோலைட் காரணமாகப் புதிதிலேயே உப்பின. இப்போது உங்களுக்கு நடந்தது தவறான வகை போட்டதால்.

'லோ இஎஸ்ஆர், 105 டிகிரி' என்று கேட்டு வாங்குங்கள். பானசோனிக் எஃப்ஆர், ரூபிகான், நிச்சிகான் போன்றவற்றின் குறைந்த இஎஸ்ஆர் வரிசைகள் சரி. மைக்ரோபாரட் அதேதான், வோல்ட் அதே அல்லது ஒரு படி மேல், விட்டமும் (8 அல்லது 10 மில்லிமீட்டர்) உயரமும் ஹீட்சிங்க்கில் இடிக்காத அளவு. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் உதிரியாகக் கொட்டி வைத்திருப்பதில் கைவைக்காமல், பெரிய டீலரின் பட்டையிலிருந்து வாங்குங்கள். உப்பாதவற்றையும் அதே வட்டாரத்தில் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. இந்தச் செலவில் சிக்கனம் பார்ப்பது வேலையை இரண்டு தடவை செய்வதற்குச் சமம்.

கழற்றுவதுதான் சிரமம். எர்த் கால் போர்டின் உள் அடுக்குத் தாமிரத்தோடு சேர்ந்திருப்பதால் 25 வாட் அயர்ன் சூட்டை அது அப்படியே குடித்துவிடும். 60 வாட், 350 முதல் 380 டிகிரி, அகல முனை வேண்டும். பழைய ஈயத்தின் மேல் புது ஈயம் கொஞ்சம் உருக்கி, ஒரு காலைச் சூடாக்கிக் கண்டென்சரைச் சாய்த்து, மறுகாலைச் சூடாக்கி எதிர்ப்பக்கம் சாய்த்து, அசைத்து அசைத்து எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் துளையின் உள்ளிருக்கும் தாமிரக் குழாயும் கூடவே வரும். அடைத்த துளையைச் சூடாக்கிப் பல்குத்தும் குச்சியால் குத்தித் திறக்கலாம். கண்டென்சரில் கோடு போட்ட பக்கம் மைனஸ். போர்டில் வட்டத்தின் நிழலிட்ட பாதி பெரும்பாலும் மைனஸ், சில போர்டுகளில் நேர்மாறு. ஆகவே பழையது இருக்கும்போதே படம் எடுங்கள்.

கேள்வி: தூசி படிந்த போர்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம் என்கிறார்களே? – வாசகர், நாகர்கோவில்

பதில்: கழுவலாம், பேட்டரியை எடுத்துவிட்டால். மென்மையான திரவச் சோப்பு, பிரஷ், கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டர். கடலோர ஊர்களில் குழாய் நீரின் உப்பு பின்களில் தங்கிவிடும். ஹேர் டிரையரை மிகச் சூட்டில் வைத்தால் ஸ்லாட் பிளாஸ்டிக் வளையும். ஃபேன் காற்று போதும், ஆனால் ஸ்லாட் அடியில் நீர் தங்குவதால் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பயாஸ் சில்லின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உரிந்துவிட்டது. உள்ளே கண்ணாடி ஜன்னல் தெரிகிறது. – வாசகர், தஞ்சாவூர்

பதில்: உடனே கறுப்பு டேப் ஒட்டுங்கள். அது புற ஊதா ஒளியில் அழியும் ஈப்ராம். நேரடி வெயிலில் தொடர்ந்து கிடந்தால் எழுதினது மங்கும். ஸ்டிக்கர் இருந்தாலும் முப்பது வருடத்துக்குப் பின் சில பிட்டுகள் தானாகவே நழுவலாம். போர்டு நல்லபடி ஓடுகிற காலத்திலேயே, மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சில்லைக் கழற்றி, யுஎஸ்பி புரோகிராமரில் படித்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று தடவை படித்து, எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 27சி512 என்றால் 64 கேபி, 27சி256 என்றால் 32 கேபி. மறுபடி எழுத மின்சாரத்தாலேயே அழியும் டபிள்யூ27சி512 வசதி, அதற்கு விளக்கு வேண்டாம். 286 போர்டில் இரண்டு பயாஸ் சில்லுகள் இருக்கும், ஒன்று ஒற்றை பைட், மற்றது இரட்டை. எது எந்தச் சாக்கெட் என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள்.